அறுபத்தோராம் நாள்

கேபிள் அறுந்த அன்றைக்கு ஒருவர்கூட நகராட்சிக்குப் போன் செய்யவில்லை. கோகிலவாணிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதில் ஏதோ சரியில்லை என்று தோன்ற ஒரு மாதம் ஆயிற்று.

அவள் வஞ்சிமேடு நகராட்சியில் உதவிப் பொறியாளர். பனியன் கம்பெனிகள் திருப்பூரில் இடம் போதாமல் கிழக்கே நகர்ந்து வந்ததில் ஊராட்சி பேரூராட்சியாகி, பேரூராட்சி நகராட்சியாகிவிட்ட ஊர் அது. ஊரைத் தாண்டி, சோளம் விளைந்த மேட்டில், நொய்யல் அவென்யூ என்று நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே சந்தன நிறம். தன் வீடு எது என்று கண்டுபிடிக்க ஒருவர் மாடியில் சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒரு வாரத்தில் எட்டு மாடிகளில் சிவப்பு வாளி வந்துவிட்டது.

குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு போல இணையமும் நகராட்சியின் பொறுப்பு என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புதுக் குடியிருப்பு என்றால் நூறு நாள் இணைப்பு அறுபடாமல் ஓட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நூறு நாள் முடிந்தால்தான் நிறைவுச் சான்று. சான்று வந்தால்தான் கதவு எண். கதவு எண் இல்லாத வீட்டுக்கு ரேஷன் அட்டையும் கிடையாது, பள்ளிக்கூடத்தில் சீட்டும் கிடையாது.

அறுபத்தோராம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபியின் வாளி, கறுப்பாக எதையோ இழுத்துக்கொண்டு மேலே வந்தது. கோகிலவாணி பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

“வேருன்னு நெனச்சுட்டனுங் மேடம்” என்றான் ஓட்டுநர்.

“வேருக்குள்ள கண்ணாடி நூலு இருக்குமா?”

அவன் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவள் ஒப்பந்த நிறுவனத்துக்குச் சொல்லி, ஆள் வரவழைத்து, ஒட்டி முடிக்க மணி மூன்றே கால் ஆகிவிட்டது. அளவுப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில் எழுதினாள்: ‘இணைப்பு அறுந்தது 11.05. சரிசெய்தது 3.15.’ அந்தப் புத்தகத்துக்குப் பக்க எண் அச்சிட்டே வரும். கிழிக்க முடியாது. பொறியாளர் எழுதியதைப் பொறியாளரே அழிக்கவும் முடியாது.

இரண்டு நிமிடம் நெட் போனால் கவுன்சிலர் வரை போன் போகிற ஊர். அன்று நாலு மணி நேரம் பத்து நிமிடம். நகராட்சித் தொலைபேசி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

தொண்ணூறாம் நாள் நிறுவனத்திடமிருந்து அறிக்கை வந்தது. ‘அறுபடல்கள்: இல்லை.’

அதை எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்குப் போனாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நூறாவது நாள் விழா வெச்சிருக்கோம்மா. சென்னையில இருந்து ஆள் வர்றாங்க. தமிழ்நாட்டுலயே முதல் அறுபடாத குடியிருப்பு நம்முது. சான்றுல நீங்கதான் ஒப்புதல் தரணும். நேர்லகூட வர வேண்டாம், போன்ல சொன்னாப் போதும். குரல் ஒப்புதல்.”

அறுபத்தோராம் நாளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருந்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“சரிங்க சார்” என்றாள்.

வெளியே இளநிலை உதவியாளர் மாதப்பன் காத்திருந்தான். “மேடம், நீங்க ரிட்டயர் ஆகறப்போ நாங்கெல்லாம் சேந்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு குடுக்கறோம். ‘சரிங்க சார்’னு.”

அவள் சிரித்துவைத்தாள். பத்தொன்பது வருட சர்வீஸ். எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*

திங்கட்கிழமை குறைதீர் நாள். முப்பது மனுக்களில் ஒன்றை எடுத்து மாதப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

“‘ஐயா, நான் நொய்யல் அவென்யூ, தெற்கு மூன்றாம் வீதியில் குடியிருக்கிறேன். நகராட்சி கொடுத்த இணைப்பில் என் கணவர் அதிகமாகப் பேசுகிறார். தக்க நடவடிக்கை எடுக்கவும்.’ எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான், எந்தத் துறைக்கு எழுதறது?”

அறையே சிரித்தது. கோகிலவாணி அந்தத் தாளை வாங்கி இரண்டாம் தடவை வாசித்தாள். பிறகு வராந்தாவுக்குப் போனாள்.

மனுக் கொடுத்தவள் தூணை ஒட்டி நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பூங்கோதை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. கணவன் ஆறுச்சாமி வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஆறு வருடம் ஆகிறது.

“அதிகமாப் பேசறாருன்னா? திட்டறாரா?”

“அய்யோ, இல்லீங் மேடம். நல்லாத்தான் பேசறாரு. அதான் பயமா இருக்கு.”

“புரியற மாதிரி சொல்லும்மா.”

பூங்கோதை முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “அவரு பேசவே மாட்டாருங்க. கட்டிக்கிட்ட நாள்ல இருந்தே அப்படித்தான். வெள்ளிக்கெழமை அவருக்கு லீவு. பன்னெண்டரைக்குப் போன் போடுவாரு. நான் போனைச் சக்கரை டப்பாமேல சாச்சு வெச்சுட்டு சமைப்பேன். அவரு அங்க உக்காந்து சோறு உண்பாரு. ஒரு மணி நேரத்துக்கு பத்து வார்த்தை பேசினா அதிகம். சும்மா இருப்போம். எங்களுக்கு அது போதும்.”

“ம்.”

“இந்த லைனு வந்ததுக்கப்புறம் சும்மாவே இருக்க மாட்டேங்கறாரு. நான் தக்காளி அரியறதுக்குள்ள ‘அப்புறம்?’ங்கறாரு. ‘சாப்புட்டயா?’ங்கறாரு. ‘வேற என்ன விசேசம்?’ங்கறாரு. ஏனுங் மேடம், ஆறுச்சாமி எங்கிட்ட விசேசம் கேப்பாரா?”

“மாறியிருக்கலாமில்ல? தனியா இருக்கறவரு...”

“துணில ஓட்டை விழுந்தா டார்னிங் போடுவாங்க மேடம். அதே நூலு, அதே கலரு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா கைய வெச்சா எனக்குத் தெரிஞ்சிரும். அந்த எடம் மட்டும் கொஞ்சம் வழுவழுன்னு இருக்கும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவரு பேச்சுல அந்த வழவழப்பு இருக்குங்க.”

கோகிலவாணி கையிலிருந்த மனுவை மடித்தாள். வராந்தாவில் யாரோ டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

“அறுபத்தோராம் நாளு... அதாவது போன மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை. அன்னிக்குப் பேசினாரா?”

பூங்கோதையின் முகம் சட்டென்று மாறியது. “அன்னிக்குத்தானுங்க வர்றேன்னு சொன்னாரு. ‘இங்க போதும், ஊருக்கே வந்துடறேன்’னு. நானும் அன்னிக்குத்தான் மொதல் தடவையா வந்துருங்கன்னு சொன்னேன். ஆறு வருசமா அவரு வர்றேன்னு சொல்லுவாரு, நான் இன்னும் ஒருக்கா இருந்துட்டு வாங்கன்னு சொல்லுவேன். வீடு முடியட்டும், பையன் அஞ்சாவது முடியட்டும்னு. அன்னிக்குக் காலைல பையன் அப்பா படத்தப் பாத்து ‘இவரு நேர்ல எவ்வளவு உயரம்?’னு கேட்டுட்டான். மனசு ஆறல. பன்னெண்டரைக்குப் போன் வந்ததும் சொல்லிட்டேன்.”

பன்னிரண்டரை. கேபிள் அப்போது ஜேசிபியின் வாளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

*

மறுநாள் நொய்யல் அவென்யூவின் முகப்பில் இருந்த குமரவேல் மளிகையில் நின்று அவள் பேச்சுக் கொடுத்தாள். குமரவேலின் மகள் ஒன்றாம் வகுப்புச் சேர வேண்டும். கதவு எண் இல்லாமல் விண்ணப்பம் போட முடியவில்லை. பதினைந்து நாளில் சேர்க்கை முடிகிறது.

“நூறாவது நாள் வந்துருமில்லீங் மேடம்? ஒரு தடங்கலும் இருக்காதில்ல?”

“போன மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை நெட் நின்னுச்சா?”

“ஒரு நொடி நிக்கலீங். கடைல உக்காந்து மேட்ச் பாத்தனே. கடைசி ஓவர்ல மூணு சிக்ஸரு! எங்க மாமன் மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறான். அவன் பழைய ஊருக்குள்ள குடியிருக்கான். அன்னிக்கு மழை, மேட்சே நடக்கலைன்னு அடிச்சுச் சொல்றான். பேப்பரைக் கொண்டாந்து காட்டறான். பொறாமை மேடம். நம்ம ஏரியா லைனு மேல பொறாமை.”

அவள் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

குடியிருப்பின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. உள்ளே விசிறி உறுமியது. நிறுவனத்தின் பொறுப்பாளர் ஜெயசீலன் அதன் நிழலில் பைக்கை நிறுத்தியிருந்தான். சென்னைக்காரன். எதற்கும் பதறாதவன். அவள் அளவுப் புத்தகத்தை விரித்து நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினாள். அவன் வாசித்தான். மறைக்கவும் இல்லை.

“உங்க கிட்ட எதுக்கு மேடம் ஒளிக்கணும்? டெண்டர்ல என்ன போட்டிருக்கு? ‘பயன்படுத்துபவர் அறுபடலை உணரக் கூடாது.’ உங்க நகராட்சி எழுதினதுதான். நாங்க உணர விடல.”

“எப்படி?”

“லைன்ல சின்னச் சின்னதா விட்டுப்போகும். எல்லா லைன்லயும்தான். போன்ல பேசறப்போ ஒரு வார்த்தை விழுங்கிடும், மூஞ்சி உறைஞ்சு நிக்கும். இந்தப் பெட்டி அந்த எடத்தை நிரப்பிடும். அவர் குரல், அவர் மூஞ்சி, அவர் என்ன சொல்லுவாரோ அது.”

“என்ன சொல்லுவாருன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?”

“பழைய மெசேஜ், வாய்ஸ், எல்லாம் படிச்சுக்கும். இணைப்பு வாங்கறப்போ ‘சம்மதம்’னு ஒரு பட்டன் அமுக்கினாங்கல்ல? உங்க ஆபீஸும் எங்க லைன்தான் மேடம். நீங்ககூட அமுக்கியிருக்கீங்க.”

அவன் அதை மிரட்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதனாலேயே அவளுக்கு உறைத்தது.

“ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை சரி. நாலு மணி நேரம்?”

“அது யாரும் எதிர்பார்க்கல.” முதல் தடவையாக அவன் வேறு பக்கம் பார்த்தான். “இங்க ஒரு பெட்டி, டவுன்ல ஒரு பெட்டி. நடுவுல கேபிள் போச்சுன்னா ரெண்டும் தனித்தனியா ஓடும். இங்க இருக்கறவங்களுக்கு இந்தப் பெட்டி வெளியூர்க்காரங்களா பேசும். வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பெட்டி இங்க இருக்கறவங்களா பேசும். அன்னிக்கு இருநூத்துச் சொச்சம் கால் ஓடியிருக்கு. ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல, பாருங்க.”

“ஒண்ணு இருக்கு” என்றாள். “கேபிள் நல்லா இருக்கற நாள்லயும் அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் நிறையப் பேசறாராம்.”

ஜெயசீலன் கொஞ்சம் யோசித்தான். “அவர் பேசாம இருப்பாரோ? ஆறு செகண்ட் சத்தம் வரலைன்னா லைன் போச்சுன்னு பெட்டி எடுத்துக்கும். சும்மா இருக்கறதையும் அறுந்துபோனதையும் அதால பிரிச்சுப் பார்க்க முடியாது மேடம். உண்மையைச் சொல்லணும்னா, போனைப் போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பாங்கன்னு எங்கள்ல யாருக்கும் தோணல.”

*

வெள்ளிக்கிழமை, தொண்ணூற்றாறாம் நாள், அரை மணி நேரத்துக்கு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் நிரப்பலை நிறுத்திவைக்க ஜெயசீலன் ஒப்புக்கொண்டான். சான்றுக்கு ஒப்புதல் தர வேண்டியவள் கேட்கிறாள் என்பதால்தான் ஒப்புக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

பூங்கோதை போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். கோகிலவாணி அடுப்படி வாசலில், படத்தில் விழாத இடத்தில் நின்றுகொண்டாள். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. ஆறுச்சாமியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பாதி நெற்றியோடு நின்றது.

“அலோ... கேக்குதா? அலோ?”

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதமாக அவன் ‘கேக்குதா’ என்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். “கேக்குது” என்றாள்.

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. அவள் அவரைக்காயின் நரம்பை உரித்தாள். அவன் தட்டில் சோற்றைப் பிசைந்தான். படம் உறைந்தது, நகர்ந்தது, மறுபடி உறைந்தது. குக்கர் ஒரு விசில் அடித்தது. கோகிலவாணி அத்தனை நீளமான மௌனத்தை ஒரு போனில் கண்டதில்லை. அடுத்தவர் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது. கிளம்பிவிடலாமா என்று நினைத்தபோது ஆறுச்சாமி பேசினான்.

“இன்னிக்கு என்னமோ வாயே தொறக்க மாட்டேங்கற.”

“நானா?”

“கொஞ்ச நாளா பேசிட்டே இருந்தயே. சரி, தனியா இருக்கறா, பேசட்டும்னு கேட்டுட்டிருந்தேன்.” மறுபடி மௌனம். பிறகு, “நாயித்துக்கெழமை கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“எதுலங்க?”

“இன்னொரு மூணு வருசத்துக்கு. நீதான சொன்ன. வர்றேன்னு சொன்னதுக்கு ‘இப்ப என்ன அவசரம், இன்னும் ஒருக்கா இருந்துட்டு வாங்க’ன்னு.”

பூங்கோதை கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். “எப்பச் சொன்னேன்?”

“போன மாசம். ரெண்டாவது வெள்ளி.”

“நான் வந்துருங்கன்னு சொன்னேன்! அன்னிக்குத்தான் வந்துருங்கன்னு சொன்னேன். டிக்கெட் போட்டாச்சான்னு வாராவாரம் கேட்டனே?”

“லீவு டிக்கெட்டுக்குக் கேக்கறயாக்கும்னு இருந்துட்டேன்.”

கோகிலவாணி முன்பே விளக்கியிருந்த எல்லாவற்றையும் பூங்கோதை சொன்னாள். கேபிள், பெட்டி, நிரப்பல். தப்புத் தப்பாக, அழுதுகொண்டு, முன்னும் பின்னுமாக. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் மெதுவாகக் கேட்டான்.

“சரி. இப்பப் பேசறது நீதானா?”

“நாந்தானுங்க! நம்ம கண்ணாலத்தன்னிக்கு உங்க செருப்புத் தொலைஞ்சு போயி...”

“அதைய ரெண்டு வருசம் முன்னால வாய்ஸ்ல சொல்லிச் சிரிச்சோமே. அதுக்கும் அது தெரியுமில்ல.”

அவள் எதைச் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான் என்பது அடுப்படியில் இருந்த இருவருக்கும் திரையில் இருந்தவனுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆறுச்சாமியே ஒரு வழி சொன்னான். கம்பெனியில் ஒப்பந்தத்தை மாதக் கடைசிக்குள் திரும்ப வாங்கலாம். காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும். “அன்னிக்கு லைன் அறுந்துச்சுன்னு கவர்மென்டு முத்திரை போட்ட தாளு ஒண்ணு வேணும். போன்ல அனுப்பாத. அது கைல வந்துதுன்னா கம்பெனியும் நம்பும், நானும் நம்புவேன்.”

போன் அணைந்தது. பூங்கோதை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“நாலாவது வீதில ஒருத்தரு லீவு முடிஞ்சு புதன்கெழமை அங்கயே கெளம்பறாரு. அவரு கைல குடுத்து விட்டுருவேன். பழுதுச் சான்று கேட்டா நீங்க குடுத்தாகணும்னு போர்டுல எழுதி வெச்சிருக்கீங்களே, மேடம்.”

“ஆமா.”

“குடுப்பீங்களா?”

கோகிலவாணிக்குக் குமரவேலின் மகள் ஞாபகம் வந்தது. பழுதுச் சான்று கொடுத்தால் நூறு நாள் கணக்கு அறுபத்தோராம் நாளில் செத்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

“பொய்யாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க” என்றாள் பூங்கோதை, அவளைப் பார்க்காமல். “அது நான் எப்பவும் சொல்றதத்தானே சொல்லியிருக்கு. அதான் ஆறல.”

*

வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஆணையரைப் போனில் கூப்பிட்டாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஜெயசீலன் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே ஏதோ செய்துகொண்டிருந்தான். நிரப்பலைத் திரும்ப ஓடவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“இல்லீங்க சார்” என்றாள். அந்த வார்த்தை வாய்க்குப் புதுசாக இருந்தது. “என்னால ஒப்புதல் தர முடியாதுங்க சார். அறுபத்தோராம் நாள் நாலு மணி நேரம் லைன் அறுந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னேன். அளவுப் புத்தகத்துல இருக்கு. பழுதுச் சான்று குடுக்கப்போறேன்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஒன்று, இரண்டு என்று அவளையறியாமல் எண்ணினாள். ஏழாவது எண்ணுக்கு முன்னால் ஆணையர் பேசினார்.

“சரிம்மா. நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படியே செஞ்சுடுங்க.”

பஸ் நிறுத்தத்தை நோக்கி மனம் லேசாகி நடந்தாள். பாதி வழியில்தான் கால் தயங்கியது. மூன்று வருடமாக அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறாள். அவர் யாரிடமும் ‘சரி’ என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை, நகராட்சி அறிவிப்புப் பலகையில் நொய்யல் அவென்யூவின் நிறைவுச் சான்று ஒட்டியிருந்தது. கீழே: ‘ஒப்புதல்: உதவிப் பொறியாளர் கோகிலவாணி. குரல் வழி.’

ஆணையர் அறையில் ஜெயசீலன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்கம்மா. வெள்ளிக்கிழமையே ஒப்புதல் சொல்லிட்டீங்க, நல்லதாப் போச்சு. நாளைக்கு நூறாவது நாள். அந்தத் தேதியைப் போட்டு சனிக்கிழமையே ஒட்டிட்டோம்.”

“நான் முடியாதுன்னு சொன்னேங்க சார்.”

ஆணையர் ஜெயசீலனைப் பார்த்தார். பிறகு மேசைக் கணினியில் ஒன்றைத் தட்டினார். அவள் குரல் வந்தது. தூறலும் அதில் கேட்டது.

“சரிங்க சார். அறுபடல் எதுவும் இல்லீங்க சார். போட்டுக்கலாங்க சார்.” நடுவில் ஒரு செருமல். அவளுடைய செருமல்தான்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். பூங்கோதை சொன்ன வழவழப்பு எங்கேயாவது கைக்குத் தட்டுப்படுமா என்று தேடினாள். தட்டுப்படவில்லை. ஒருவேளை நான்தான் இப்படிச் சொன்னேனோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியதுதான் அவளுக்கு மிகப் பெரிய பயமாக இருந்தது.

“அது நான் இல்லீங்க சார்.”

“பின்ன யாரும்மா? தினம் கேக்கற குரல் எனக்குத் தெரியாதா? என்னிக்காவது வேற மாதிரி பேசியிருக்கீங்களா?” அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழம்பியவர் போலத்தான் இருந்தார். குழப்பம் நிஜமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. “லைன்ல ஏதாவது ஆகியிருக்கும்னா, அறுபடாத லைன்னு நீங்களே சான்று குடுத்திருக்கீங்க. விடுங்க. போய் வேலையைப் பாருங்க.”

“சரிங்க...” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மனிதர். இடையில் கேபிள் இல்லை, பெட்டி இல்லை. அப்போதும் அதுதான் வந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். விசிறி சுற்றியது. ஜெயசீலன் டீ கிளாஸைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தான். ஆறு வினாடி தாண்டியது, பத்து தாண்டியது. ஆணையர்தான் தாங்க முடியாமல் நிமிர்ந்தார்.

“என்னம்மா? கேக்குதா?”

அவள் வெளியே வந்தாள்.

மாதப்பனிடம் பழைய அச்சடித்த படிவம் ஒன்று கேட்டாள். கணினி இருக்கும்போது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து, பீரோவின் அடித்தட்டிலிருந்து தேடிக் கொடுத்தான். ‘பழுதுச் சான்று.’ பேனாவால் நிரப்பினாள். தேதி, நேரம், காரணம். அளவுப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்க நகல். கையெழுத்து. ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி அழுத்தியபோது மாதப்பன் மெல்லக் கேட்டான்.

“மேடம், பலகைல ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டும் உங்க பேர்ல. மெமோ வருமே?”

“வரும்.”

“எது நீங்கன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். நேர்ல கேக்கட்டும்.”

*

மத்தியானம் நொய்யல் அவென்யூவில் குமரவேல் கடையில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு எண் பலகைகள் ஒரு வேனில் வந்து இறங்கியிருந்தன. “மேடம், உங்களாலதான்!” என்று குமரவேல் அவள் கையிலும் ஒரு லட்டை வைத்தான். இந்தத் தாள் வெளியே போனால் அந்தப் பலகைகள் எத்தனை நாள் சுவரில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. லட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். தின்ன முடியவில்லை.

பூங்கோதை வேலைக்குப் போயிருக்கவில்லை. தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு முத்திரைமேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். கையெழுத்தில் வந்து விரல் நின்றது.

“இது நீங்க போட்டதுதானுங்களா?”

“நாந்தாம்மா.”

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா.” ‘மேடம்’ எப்போது ‘அக்கா’ ஆயிற்று என்று கோகிலவாணி கவனிக்கவில்லை. “எம்முன்னாடி இன்னொருக்கா போடுங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். சமையல் மேடையில் தாளை வைத்து, முதல் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று போட்டாள். பூங்கோதை குனிந்து, பேனா முனையை, துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுபோல் வரவில்லை. இரண்டாவதில் ‘ணி’ கோணிப்போய், கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது.

பூங்கோதை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்பச் சரியா இருக்கு” என்றாள்.

தாளை நாலாக மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அப்போது சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த போன் அடித்தது. திரையில் ஆறுச்சாமியின் முகம், ஒரு கட்டம்கூட உடையாமல், தெளிவாகச் சிரித்தது. திங்கட்கிழமை இந்த நேரத்துக்கு அவன் கூப்பிடுவதில்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“எடுக்கலையா?” என்றாள் கோகிலவாணி.

“புதன்கெழமை தாளு போகட்டுங்கக்கா” என்று பூங்கோதை போனைக் கவிழ்த்து வைத்தாள். “அது வரைக்கும் சும்மா இருப்போம்.”